மூணாவது கிரவுன் பினியனும் போச்சி: டிராக் அம்பாசடருக்கு என்ன வழி?

பாளை_அம்பி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைல இருந்து எழுதுதேன். வண்டி அம்பாசடர், 1800 இசுசு பெட்ரோல். தாத்தா வச்சிருந்த வண்டி. டர்போ ஏத்தியாச்சி, இஞ்சின் பலத்த அளக்குற டைனோ மெஷின்ல 24 கிலோகிராம்-மீட்டர் டார்க் (முறுக்கு விசை) காட்டுச்சி. 402 மீட்டர் நேர்கோட்டு ஓட்டம், அதான் டிராக் ரேஸ், அதுக்குன்னே செஞ்சது, டிரெய்லர்ல ஏத்தித்தான் போட்டிக்குக் கொண்டு போறது. ஆர்.சி. உயிரோட இருக்கு.

முதல்ல வண்டியோட சொந்த ஆக்சில்லயே ஓட்டுனேன். ரெண்டு கிரவுன் பினியன் செட்டு (ஆக்சில் நடுவுல இருக்க பெரிய கிரவுன் பல்சக்கரமும் அதச் சுத்துற சின்னப் பினியனும்) காலி. அதக் குத்தஞ்சொல்ல வாயில்ல. குடும்பத்தோட திருச்செந்தூர் போய்ட்டு வாரதுக்குச் செஞ்ச சாமான்ல நான் பாதி லாரியக் கட்டி இழுத்தா என்ன ஆகும்? அதனால பழைய ஜீப் பின்னாக்சில் ஒண்ணப் புடிச்சி, ரெண்டு பக்கமும் வெட்டிச் சுருக்கி வச்சோம். ரேஷியோ 4.88, அதாவது பினியன் 4.88 சுத்து சுத்துனா கிரவுன் ஒரு சுத்து. போன வாரம் மூணாவது ஓட்டத்துல கிளட்ச விட்டதும் 'டொக்'னு ஒரு சத்தம், வண்டி நின்னுட்டு. தொறந்தா பினியன்ல மூணு பல்லு அடியோட இல்ல.

கேள்வி இதுதான். இன்னும் கட்டியான கியர் எங்க கிடைக்கும்? கோயமுத்தூர்ல ஒருத்தர் நல்ல ஸ்டீல்ல கடைஞ்சி தாரேங்கார். அமெரிக்கால இருந்து வரவழைச்சா கப்பல் கூலியே கண்ணக் கட்டுது. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

தச்சநல்லூர்_பட்டறை

எங்க மாமா சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணுதேன். மாமாவுக்கு லாரி ஹவுசிங் (கிரவுனும் பினியனும் இருக்க ஆக்சில் கூடு) வேலைல முப்பது வருசம். இனி வாரது அவர் பேச்சு.

தம்பி, பல்லப் பாக்காம பல்லு வைத்தியன் பேசமாட்டான். ஒடஞ்ச எடத்தப் படம் புடிச்சிப் போடு. பல்லு வேர்ல சுத்தமா ஒடஞ்சிருக்கா, தேஞ்சி கூர்மையாகி ஒடஞ்சிருக்கா? மத்த பல்லு மேல சூட்டுல நீலம் பாஞ்சிருக்கா? கிரவுன்ல எந்தப் பக்கம் கடிச்சிருக்கு, உள்பக்கமா வெளிப்பக்கமா? என்ன ஆயில் ஊத்துன? கடைசியா ஒண்ணு: இதக் கூட்டுனது யாரு, எப்படிக் கூட்டுனான்?

பாளை_அம்பி

படம் மேல சேத்திருக்கேன் அண்ணாச்சி. ஒடஞ்ச எடம் கல்லு ஒடச்ச மாதிரி சாம்பல் நெறத்துல பொடிப்பொடியா மின்னுது. நீலம் இல்ல, கீறல் இல்ல. கிரவுன்ல வெளி ஓரத்துல மட்டும் பல்லு கடிச்ச அச்சு விழுந்திருக்கு. ஆயில் 140 கிரேடு. கூட்டுனது நானும் கூட்டாளியும். பல்லுக்கு நடுவுல உள்ள ஆட்டத்த அளக்குற டயல் கேஜ் இல்ல. கையால ஆட்டிப் பாத்து, கொஞ்சம் ஆட்டம் இருக்குற மாதிரி வச்சோம்.

தச்சநல்லூர்_பட்டறை

மாமா சிரிக்காவ. 'கொஞ்சம் ஆட்டம்'னா எவ்வளவு, ஒரு படியா ரெண்டு படியான்னு கேக்காவ. சாயங்காலம் விவரமா சொல்லுதாவளாம்.

கடையநல்லூர்_டு_பஹ்ரைன்

நான் பஹ்ரைன்ல ஒரு பட்டறைல வேலை பாக்கேன். சகீர் ரேஸ் தடத்துலயே டிராக் ஸ்டிரிப் இருக்கு, அங்க ஓடுற வண்டிக்குத்தான் எங்க வேலை. பெரும்பாலும் அமெரிக்க ஆக்சில். அதுல தெரிஞ்சத வச்சிச் சொல்லுதேன்.

ஃபோர்டு 9 இஞ்ச் ஆக்சில்ன்னு கேள்விப்பட்டிருப்ப. 1957லிருந்து 1986 வரைக்கும் வண்டில வந்தது. இன்னைக்கும் டிராக்காரங்க அதத்தான் தேடுதாங்க. கிரவுன் விட்டம் 9 அங்குலம். டானா 60ல கிரவுன் 9.75 அங்குலம், இன்னும் பெருசு. அப்ப 9 இஞ்சுக்கு ஏன் இவ்வளவு பேரு? காரணம் கிரவுன் அளவு மட்டுமில்ல. பினியனோட பல்லுத் தலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பேரிங் இருக்கு. மத்த ஆக்சில்ல பெரும்பாலும் பினியன் ரெண்டு பேரிங்ல ஒரு பக்கமா நீட்டிக்கிட்டு நிக்கும், பாரம் வந்தா வளையும். 9 இஞ்சுல அது ரெண்டு பக்கமும் புடிச்ச மாதிரி நிக்கும். பினியன் கிரவுனோட நடுவுக்கு 2.38 அங்குலம் கீழ இறங்கி இருக்கதால பல்லு நீளமா ஒண்ணோட ஒண்ணு படியும். அதுக்கு ஒரு விலை உண்டு: பல்லு வழுக்குறது அதிகம், சூடு அதிகம், கொஞ்சம் பவரயும் தின்னும்.

இத ஏன் சொல்லுதேன்னா, கியர் தானா ஒடையிறது அபூர்வம். பினியனும் கிரவுனும் ஒண்ண விட்டு ஒண்ணு வெலகி, பல்லு நுனில பாரம் ஏறி, அப்புறந்தான் ஒடையும். உன் படத்துல அச்சு வெளி ஓரத்துல மட்டும் இருக்கு பாரு. பல்லு முழுசா வேலையே செய்யல. கால்வாசிப் பல்லுதான் மொத்தப் பாரத்தயும் தூக்கியிருக்கு.

நாங்குநேரி_நைட்

மச்சான் கியரெல்லாம் பொறவு பாத்துக்கலாம், ஆக்சில் ரெடியானதும் சொல்லு. ராத்திரி ரெண்டு மணிக்கு நாலு வழிச்சாலைல டெஸ்ட் பண்ணிருவோம், ஒரு ஈ காக்கா இருக்காது

மட்டுறுத்துநர்

பொதுச்சாலை ஓட்டம் பற்றி இங்கே பேச்சு வேண்டாம். அடுத்த முறை பதிவு நீக்கப்படும். ஈ காக்கா இல்லாவிட்டாலும் தூத்துக்குடி துறைமுக லாரி இருக்கும்.

உலோக_வாத்தியார்

பாலிடெக்னிக்கில் உலோகவியல் எடுக்கிறேன். கோயமுத்தூர் யோசனைக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கியர் 'கட்டியாக' இருக்க வேண்டும் என்று கேட்பதிலேயே சிக்கல் இருக்கிறது. கட்டி வேறு, அடி தாங்கும் உறுதி வேறு. கண்ணாடி கட்டிதான், தட்டினால் என்ன ஆகிறது? நல்ல கியரில் மேல்தோல் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் ஆழத்துக்கு கெட்டித்தன்மையை அளக்கும் ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை கெட்டியாக இருக்கும். உள்ளே உள்ள சதை அதைவிட மென்மையாக இருந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். தெருவில் ஓடும் வண்டிக்கு அமெரிக்காவில் பெரும்பாலும் 8620 வகை ஸ்டீல். டிராக் ஓட்டத்துக்கென்று விற்பவை 9310. அதில் நிக்கல் 3 சதவீதத்துக்கு மேல் இருக்கும், உட்சதை அடியைத் தாங்கும், ஆனால் தேய்மானம் அதிகம். அந்தக் கியரைப் போட்டு தினமும் மார்க்கெட்டுக்குப் போய் வந்தால் சீக்கிரம் தேய்ந்து கூவ ஆரம்பித்துவிடும். நம் ஊரில் கிடைக்கும் EN36 இந்த 9310க்குப் பக்கத்துச் சொந்தம்.

ஆனால் ஸ்டீல் கிடைப்பதால் கியர் வந்துவிடாது. இந்த ஆக்சில் கியரின் பல் ஹைபாய்டு வகை, வளைந்தும் சாய்ந்தும் போகிறது. அதற்கென்றே உள்ள மெஷினில் வெட்டி, கார்பன் ஏற்றி, பிறகு கிரவுனையும் பினியனையும் ஒன்றோடொன்று உரசவிட்டு ஜோடியாக்க வேண்டும். சாதாரண மில்லிங் மெஷினில் கடைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஜோடி எண் இரண்டிலும் பொறித்திருக்கும், அதை மாற்றிப் போடக் கூடாது.

படத்தைப் பார்த்தால் சாம்பல் நிறப் பொடிமணி உடைவு. ஒரே அடியில், அல்லது சில அடிகளில் உடைந்தது. களைப்பால் மெல்ல மெல்ல உடைந்திருந்தால் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன மாதிரி வரிகள் தெரியும். இதில் இல்லை.

பாளை_அம்பி

சார், ஜோடி நம்பர் பாத்தேன். பினியன்ல ஒண்ணு, கிரவுன்ல வேற ஒண்ணு. பழைய சாமான் கடைல ரெண்டு குவியல்ல இருந்து பொறுக்குனது. தல சுத்துது.

தச்சநல்லூர்_பட்டறை

மாமா தலைல கை வச்சிட்டாவ. 'வேற வீட்டு மாப்பிள்ளைக்கும் வேற வீட்டுப் பொண்ணுக்கும் தாலி கட்டிட்டு குடும்பம் நடக்கலன்னு அழுதா எப்படி'ங்காவ.

பணகுடி_காத்தாடி

எனக்குக் கார் தெரியாது, கரண்டு எடுக்குற காத்தாடியோட கியர்பாக்ஸ் தெரியும். பணகுடி, ராதாபுரம் பக்கம் மெயின்டனன்ஸ் பாக்கேன். அம்பி, ஒரு விசயம் கேக்கணும். ஆனி ஆடில காத்து ஓங்கி ஒரே சீரா அடிச்சா எங்க கியருக்கு ஒண்ணும் ஆகாது, மகராசியா சுத்தும். விட்டு விட்டு அடிக்க காத்து இருக்கு பாருங்க, இறக்கை நின்னு, பொறவு சடார்னு வாங்கும்போது தான் பேரிங்கும் பல்லும் அடிவாங்கும். உங்க வண்டி கெளம்பும்போது பின் பைதா சீரா சுத்துதா, குதிச்சிக் குதிச்சி சுத்துதா? யாராச்சும் பக்கத்துல இருந்து வீடியோ எடுத்தாங்களா?

கடையநல்லூர்_டு_பஹ்ரைன்

காத்தாடி அண்ணன் எடத்தப் புடிச்சிட்டாரு. நான் கணக்கச் சொல்லுதேன்.

உன் இஞ்சின் 24. முதல் கியர் 3.5ன்னு வச்சிக்கோ, 84 ஆச்சி. 4.88ஆல பெருக்குனா ஆக்சில்ல 410 கிலோகிராம்-மீட்டர். பயங்கரமா தெரியுதுல்லா? ஆனா அவ்வளவும் போகாது, ஏன்னா டயர் வழுக்கிரும். பின்னாடி பாரம் 700 கிலோ, டயர் ஆரம் 0.3 மீட்டர், சாதா டயர் பிடிப்பு 0.8ன்னா, டயர் தாங்குறது 168 தான். அதுக்கு மேல குடுத்தா புகைதான் வரும். டயர் ஒரு ஃப்யூஸ் மாதிரி. இப்ப ஒட்டுற டயர் போட்டு பிடிப்பு 1.2 ஆனா 252 ஆயிரும். ஃப்யூஸ எடுத்துட்டு ஆணியச் சொருகுன கத.

இது சீரா போற பாரம். பைதா குதிச்சா என்ன நடக்கும்? டயர் தரைய விட்டு எழும்பும், அந்தச் சமயம் பாரமே இல்லாம வெறும் பைதா வேகமெடுக்கும், தரைல விழுந்ததும் சடக்குன்னு நிக்கும். சுத்திக்கிட்டு இருந்த அத்தனை சாமானும் பினியன் பல்லுல வந்து மோதும். அது 252ல நிக்காது. ஒரு நொடிக்குள்ள பல தடவ சுத்தியலால அடிச்ச மாதிரி.

ஒட்டுற டயர் எப்ப போட்ட?

பாளை_அம்பி

ரெண்டாவது செட்டு ஒடையிறதுக்கு ஒரு மாசம் முன்னால. அதுக்கு முந்தி இருந்தது ஒரு வருசம் ஓடுச்சி. ச்சே. இத நான் யோசிக்கவே இல்ல பாய்.

ஒரு சந்தேகம். 4.88க்குப் பதில் 4.10 போட்டா கியருக்குப் பாரம் கொறையுமா?

கடையநல்லூர்_டு_பஹ்ரைன்

டயர் பிடிக்கிற அளவுதான் பாரம்னா, கிரவுன் பல்லு மேல விழுறது எந்த ரேஷியோல இருந்தாலும் அதே தான். ஆனா பினியன் மாறும். 4.88ன்னா 39க்கு 8. 4.10ன்னா 41க்கு 10. அதே கிரவுன் அளவுக்குள்ள 8 பல்லு பினியன் ஒல்லிப்பிச்சானா இருக்கும், 10 பல்லு தடியா இருக்கும். பழைய வில்லிஸ் ஜீப்ல 43க்கு 8 கூட வந்துது, 5.38. மணிமுத்தாறுல இருந்து மாஞ்சோலைக்கு ஏறுறதுக்கு அது தங்கம். கிளட்ச உதறி விடுற வேலைக்கு அது ஆகாது. உன் டர்போ இஞ்சினுக்கு 4.10 போதும்னுதான் எனக்குப் படுது. மேல் கியர்ல ஆர்.பி.எம். மூச்சு வாங்காம கோட்டத் தாண்டும்.

தச்சநல்லூர்_பட்டறை

மாமா இப்ப உக்காந்து சொல்லுதாவ, கவனமா கேட்டுக்கோ.

ஒரே ஜோடியா செட்டு வாங்கு. பேரிங் அத்தனையும் புதுசு. முதல்ல பினியன். பின்னால உள்ள சிம் (மெல்லிசான தகட்டு வளையம்) தான் பினியன் எவ்வளவு உள்ள போகணும்னு சொல்லும். சில வண்டில பேரிங் இறுக்கத்துக்கு நசுங்குற காலர் இருக்கும், டிராக் வண்டில அத நம்பாத, அடி வாங்க வாங்க இன்னும் நசுங்கி பினியன் லூஸ் ஆயிரும். நசுங்காத காலரும் சிம்மும் தான் வேணும்.

பொறவு கிரவுன். டயல் கேஜ பல்லு மேல நேரா வச்சி ஆட்டிப் பாரு. பொதுவா 0.006லிருந்து 0.010 அங்குலத்துக்குள்ள. செட்டோட வந்த தாள்ல வேற போட்டிருந்தா அதான் வேதம். ஒரு எடத்துல பாத்துட்டு எந்திரிக்காத. நாலு எடத்துல பாரு. எடத்துக்கு எடம் 0.003க்கு மேல மாறுனா கிரவுன் கோணலா உக்காந்திருக்கு, அடில பிசிறு இருக்கும், கழட்டித் தொடச்சிப் போடு.

ஆட்டம் சரியா வந்தா வேலை முடிஞ்சிதுன்னு நெனைக்காத. பல்லுல ப்ளூ (அச்சு பாக்குற நீல மை) தடவி, கிரவுனுக்கு கையால கொஞ்சம் தடை குடுத்துச் சுத்தி, அச்சப் பாரு. அச்சு பல்லு உச்சில விழுந்தா பினியன கிரவுன் பக்கமா தள்ளணும். வேர்ல விழுந்தா வெலக்கணும். உள் ஓரத்துல விழுந்தா கிரவுன கொஞ்சம் வெலக்கணும், வெளி ஓரத்துல விழுந்தா கிட்ட கொண்டுவரணும். ஒன்னோடது வெளி ஓரம், ஆட்டம் கூடிப் போச்சி. ஒவ்வொரு சிம் மாத்தும்போதும் மறுபடி முதல்ல இருந்து. ஒரு ஹவுசிங் சரியா கூட்ட எனக்கே ஒரு பகல் போயிரும். நீயும் ஒன் கூட்டாளியும் ஒரு மணி நேரத்துல முடிச்சிருப்பீங்க.

கிரவுன் போல்டு பழச மாட்டாத. புதுசு, லாக் பசை, டார்க் ரெஞ்ச். பேரிங் கேப் இடது வலது மாத்தக் கூடாது, கழட்டும்போதே பொட்டு அடிச்சி வை.

நாங்குநேரி_நைட்

ரெண்டு பைதாவயும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியல்ல உள்ள ஸ்டார் பினியன வெல்டு வச்சி லாக் பண்ணிட்டா ரெண்டு பைதாவும் சேந்து இழுக்கும்லா, ஈசி வேலை. என் கூட்டாளி செஞ்சான் சூப்பரா இருக்கு

உலோக_வாத்தியார்

கெட்டியாக்கிய ஸ்டீலில் வெல்டு வைத்தால் பக்கத்துச் சதை நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். முதல் பத்து ஓட்டம் சூப்பராகத்தான் இருக்கும்.

கடையநல்லூர்_டு_பஹ்ரைன்

வெல்டு துண்டு உதிர்ந்து கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவுல மாட்டுனத கண்ணால பாத்திருக்கேன். மொத்த ஹவுசிங்கும் குப்பைக்குப் போச்சி. டிராக்குக்கு மட்டும்னா டிஃபரன்ஷியலுக்குப் பதிலா ஸ்பூல் கடைஞ்சி போடு, ரெண்டு பைதாவயும் சேத்துக் கட்டுற ஒரே கட்டி, உதிர ஒண்ணுமில்ல. ரோட்டுலயும் ஓட்டணும்னா ஸ்பூல் வேண்டாம், திருப்பத்துல டயரும் ஆக்சில் ராடும் கதறும்.

இப்ப குதிக்கிற விசயம். பட்டை ஸ்பிரிங் வண்டில கிளட்ச விட்டதும் ஆக்சில் தன்னையே சுத்தப் பாக்கும், பினியன் மூக்கு மேல ஏறும், பட்டை எஸ் மாதிரி வளையும். வளைஞ்சது திரும்பும்போது பைதா குதிக்கும். மூணு வேலை செய்யி.

ஸ்பிரிங்குக்கும் ஆக்சில் பேடுக்கும் நடுவுல ஆப்பு வை. நெசமான ஆப்புதான், இரும்புல கடைஞ்சது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டப் பாக்க பினியன் மூக்கு 5லிருந்து 7 டிகிரி கீழ பாக்கணும். ஓட்டத்துல மேல ஏறுனா நேராயிரும். அடுத்து, பட்டையோட முன் பாதிக்கு கிளாம்ப் கூடப் போட்டு இறுக்கு, பின் பாதிய லூசா விடு. அப்புறம் சதுர பைப்புல டிராக்ஷன் பார், ஆக்சில்ல கட்டி முன்னால நீட்டி, பட்டையோட முன் கண்ணுக்குக் கீழ ரப்பர் முட்டுற மாதிரி. வலது ரப்பர் ஒட்டியும் இடது அரை அங்குலம் இடைவெளியும் வச்சிப் பாரு. இஞ்சின் முறுக்குல வலது பைதாதான் லேசாகும்.

ஓட்டுற கையும் முக்கியம். லைன்ல நிக்கும்போது கிளட்ச பைய கடிக்கிற எடம் வரை விட்டு, எல்லா சாமான்லயும் உள்ள ஆட்டத்த எடுத்துட்டு அப்புறம் விடு. தண்ணில டயர் சுத்திச் சூடாக்கும்போது, சுத்திக்கிட்டே காஞ்ச தரைக்கு வராத, பாதி ஆக்சில் அங்கதான் சாவுது. கோட்டத் தாண்டுனதும் கியர்லயே ஆக்சிலேட்டர படக்குன்னு விட்டா பல்லோட பின்பக்கத்துல பாரம் மாறும், கிளட்ச மிதி.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு வளையம் போட்டிருக்கியா? அமெரிக்காவுல டிராக் ரேஸ் நடத்துற என்.எச்.ஆர்.ஏ. சங்கத்து விதிப்படி ஸ்லிக் டயர் (வரி இல்லாத ரேஸ் டயர்) போட்டு 13.99 நொடி அல்லது அதுக்குக் கீழ ஓடுற வண்டிக்குக் கட்டாயம், ஷாஃப்டோட முன் கிராஸ் (மடங்குற மூட்டு) இருக்க எடத்துல இருந்து 6 அங்குலத்துக்குள்ள. முன் கிராஸ் ஒடஞ்சா ஷாஃப்டு தரைல குத்தி வண்டியவே தூக்கிரும். இதுல சிக்கனம் பாக்காத.

பணகுடி_காத்தாடி

ஆயில் வடிக்கிற ட்ரெயின் போல்டுல காந்தம் ஒண்ணு ஒட்டி வைங்க. நாங்க ஆயிலப் பாத்தே கியர் சாவுமா பொழைக்குமான்னு சொல்லுவோம். காந்தத்துல சந்தனம் மாதிரி மையா இருந்தா சரி. செதில் செதிலா வந்தா பேரிங். முக்கோணமா ஒரு துண்டு வந்தா... வீட்டுக்குச் சொல்லிவிட்டுருங்க.

பாளை_அம்பி (ஏழு வாரத்துக்குப் பிறகு)

மன்னிக்கணும், இவ்வளவு நாள் ஆயிட்டு.

முதல்ல வீடியோ. பழைய ஓட்டத்த ஒரு தம்பி ஃபோன்ல ஸ்லோ மோஷன்ல எடுத்து வச்சிருந்தான். பாத்ததும் எனக்கே வெக்கமா போச்சி. பின் பைதா பந்து மாதிரி துள்ளுது, ஒரு ஓட்டத்துல ஏழெட்டுத் தடவ. உள்ள உக்காந்திருக்கும்போது வெறும் அதிர்வுன்னு நெனச்சிருந்தேன்.

4.10 ஜோடி செட்டு கிடைச்சிது. நம்பர ரெண்டு தடவ பாத்துத்தான் காசு குடுத்தேன். தச்சநல்லூர்ல அண்ணாச்சி பக்கத்துல உக்காந்து அவரே கூட்டுனாரு, நான் சாமான் எடுத்துக் குடுத்தேன். எட்டு தடவ பிரிச்சிக் கூட்டுனாரு. கடைசில ஆட்டம் 0.008, நாலு எடத்துலயும் 0.001க்குள்ள. அச்சு பல்லு நடுவுல வட்டமா வந்து உக்காந்ததப் பாத்து அண்ணாச்சி ஒண்ணுமே சொல்லல, வெத்தலப் பொட்டிய எடுத்தாரு. அப்பவே தெரிஞ்சிது.

ஆப்பு 6 டிகிரி. பார் ரெண்டும் நானே வெல்டு வச்சேன். வளையம் போட்டாச்சி. ஸ்பூல் போட காசு இல்ல, இப்போதைக்கு லாக் இல்லாத ஓப்பன் டிஃபரன்ஷியல் தான்.

புது கியர உடனே அடிக்கக் கூடாதுன்னு சொன்னதால தாழையூத்து வரைக்கும் பைய ஓட்டிட்டு வந்து, ஹவுசிங் ஆறுன பொறவு மறுபடியும். அப்படி மூணு தடவ. அதுக்குப் பொறவும் பையவே ஓட்டி, மொத்தம் 800 கிலோமீட்டர் ஆனதும் ஆயில மாத்துனேன்.

போன ஞாயித்துக்கிழம 14 ஓட்டம். பைதா துள்ளல. நேரம் அரை நொடி கொறஞ்சிருக்கு, இஞ்சின்ல ஒரு திருகு கூடத் தொடல. தொறந்து பாத்தேன். காந்தத்துல மை மட்டும். அச்சு கொஞ்சம் வெளிய நகந்திருக்கு, பாரத்துல கிரவுன் ஒதுங்குதுன்னு நெனைக்கேன். படம் கீழ இருக்கு.

கடையநல்லூர்_டு_பஹ்ரைன்

பாத்தேன். அந்த அளவு நகர்றது சாதாரணம். ஓரத்துக்கு இன்னும் எடம் இருக்கு. 20 ஓட்டம் கழிச்சி மறுபடி தொற. இன்னும் நகந்தா கிரவுனுக்குப் பின்னால முட்டுக் குடுக்குற போல்டு வச்ச கவர் செய்யலாம், அளவு அனுப்புதேன். இன்னொண்ணு, ஓப்பன் டிஃபரன்ஷியல்ல ஒரு பைதா மட்டும் சுத்துச்சின்னா ஸ்டார் பினியன் வெந்துரும். காசு சேந்ததும் முதல்ல அத முடி.

தச்சநல்லூர்_பட்டறை

மாமா ஒரு சேதி சொல்லச் சொன்னாவ. கழட்டுன பழைய பினியன் பேரிங்க தூரப் போட்டுறாதியாம். உள் வளையத்தத் தேச்சி லூசாக்கி வச்சிக்கிட்டா, அடுத்த தடவ சிம் மாத்திப் பாக்கும்போது கையாலயே போட்டுக் கழட்டலாம். ப்ரெஸ்ஸுல ஏத்தி எறக்கி புது பேரிங்க நாசம் பண்ண வேண்டாம். இந்தத் தடவ எட்டு தடவயும் ப்ரெஸ் லிவர அழுத்துனது நான்தான், எனக்குத் தோள் இன்னும் வலிக்கி.

பாளை_அம்பி

எடுத்து வச்சிருக்கேன் அண்ணாச்சி. நாளைக்கி சாயங்காலம் கொண்டு வாரேன். மருமகனுக்கு அல்வாவும் வாங்கிட்டு வாரேன்.